ரெண்டு தடவைக்கு மேல மேயர் ஆகக் கூடாதா? நியூயார்க் விதியும் கடலூர், பாண்டி நிலைமையும்

நியூயார்க் மேயர் தேர்தல் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் சுத்த ஆரம்பிச்சிடுது. அங்க ஒருத்தர் தொடர்ந்து எட்டு வருஷத்துக்கு மேல மேயரா இருக்க முடியாது, கவுன்சிலருக்கும் அதே விதிதான், இங்க மட்டும் ஏன் ஒரே ஆளு ஒரே குடும்பம்னு திரும்பத் திரும்ப வருது, நம்ம ஊர்லயும் அதே சட்டத்தைக் கொண்டு வந்தா என்னன்னு. நியாயமான கேள்விதான். ஆனா இதுக்கு வர்ற பதில்ல நிறைய குழப்பம் இருக்கு, அமெரிக்க ஜனாதிபதிக்கு இருக்கற விதியையும் அங்க சிட்டிங்க தனக்குத்தானே வச்சிருக்கற விதியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க, நம்ம மேயருக்கும் நியூயார்க் மேயருக்கும் ஒரே அதிகாரம்னு நினைச்சுகிட்டுப் பேசறாங்க. அதனால அடிப்படையிலேர்ந்தே போலாம்.

பதவிக்காலம் வேற, பதவி வரம்பு வேற

பதவிக்காலம்னா ஒரு தடவை ஜெயிச்சா எத்தனை வருஷம் உக்காரலாம்ங்கறது. இந்தியாவுல நகராட்சி, மாநகராட்சி எல்லாத்துக்கும் அஞ்சு வருஷம், நியூயார்க்ல நாலு வருஷம், பிரான்ஸ்ல ஆறு வருஷம். பதவி வரம்பு, அதாவது டெர்ம் லிமிட்னா அதே ஆளு அதே பதவிக்கு எத்தனை தடவை வரலாம்ங்கறது. மக்கள் ஓட்டு போடத் தயாரா இருந்தாலும் சட்டம் உன் பேரை பேலட்ல போடவே விடாது, அதான் இதோட சாரம். அதுலயும் வகை இருக்கு.

1. தொடர்ச்சி வரம்பு. தொடர்ந்து ரெண்டு தடவை இருந்துட்டா ஒரு தேர்தல் இடைவெளி விடணும், அப்புறம் திரும்ப நிக்கலாம். நியூயார்க் இந்த வகை.

2. ஆயுள் வரம்பு. வாழ்நாள்ல மொத்தமே இத்தனை தடவைதான். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கவுன்சிலருக்கு மூணு தடவை, மேயருக்கு ரெண்டு தடவை, அதோட முடிஞ்சது.

3. மேயருக்கு மட்டும் வரம்பு. பிலடெல்பியாவுல மேயர் தொடர்ந்து ரெண்டு தடவைதான் இருக்கலாம், கவுன்சிலருக்கு அப்படி எதுவும் கிடையாது.

இதுல மூணாவது வகையைப் பத்தி யாரும் பேசறதே இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப யோசிக்க வேண்டியதாப் படுது, ஏன்னு கீழ வரும்.

நியூயார்க்ல என்னதான் நடந்துச்சு

1993ல மக்கள் நேரடியா ஓட்டு போட்டு இந்த வரம்பைக் கொண்டு வந்தாங்க. 1996ல ரெண்டை மூணாக்கலாமான்னு மறுபடி கேட்டாங்க, மக்கள் வேணாம்னுட்டாங்க. ஆனா 2008ல மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கோட ரெண்டாவது டெர்ம் முடியப் போற நேரம், பொருளாதார நெருக்கடி, அனுபவசாலி வேணும்னு காரணம் சொல்லி மக்கள்கிட்ட போகாமயே சிட்டி கவுன்சில் 29க்கு 22ன்னு ஓட்டு போட்டு ரெண்டை மூணாக்கிடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, அதே மாத்தம் அந்தக் கவுன்சிலர்களுக்கும் சேர்த்துதான், அவங்களும் வீட்டுக்குப் போற கட்டத்துலதான் இருந்தாங்க. 2009ல ப்ளூம்பெர்க் சொந்தக் காசு 10 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியும் அஞ்சு சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசத்துலதான் ஜெயிச்சாரு. 2010ல மக்கள் மறுபடி ஓட்டு போட்டு ரெண்டுக்கே கொண்டு வந்துட்டாங்க, இந்தத் தடவை கூடவே ஒரு பூட்டும் போட்டாங்க, இருக்கற கவுன்சில் தனக்கு சாதகமா இந்த வரம்பை மாத்திக்க முடியாதுன்னு.

வரம்பை யாரு எழுதறா, யாரு மாத்தலாம்ங்கறது வரம்பு எத்தனைங்கற நம்பரை விட முக்கியம். அந்தப் பதவியில இருக்கறவங்க கையிலயே சாவியைக் குடுத்துட்டா அந்த விதிக்கு அர்த்தமே இல்ல.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. ப்ரூக்லின்ல சார்லஸ் பேரன்னு ஒரு கவுன்சிலர், 2013 கடைசியில வரம்பு முடிஞ்சு இறங்குனாரு, அந்த சீட்டுக்கு மாநில சட்டசபையில உறுப்பினரா இருந்த அவரோட மனைவி இனெஸ் பேரன் வந்தாங்க, இவரு அந்த சட்டசபை சீட்டுக்குப் போனாரு. அந்தம்மாவுக்கு எட்டு வருஷம் முடிஞ்சதும் 2022ல இவரு திரும்ப கவுன்சிலுக்கே வந்துட்டாரு. பிலிப்பைன்ஸ்ல இன்னும் பெருசா நடந்துச்சு. அங்க உள்ளூர் பதவிக்குத் தொடர்ந்து மூணு டெர்ம்தான்னு 1987 அரசியலமைப்புலயே இருக்கு. ரோட்ரிகோ டுடெர்டே டாவோ சிட்டி மேயரா இருந்து, வரம்பு முடிஞ்சதும் நாடாளுமன்றத்துக்குப் போயி, திரும்ப மேயராகி, அடுத்த வரம்புக்கு மகள் சாரா மேயரா இருக்க இவரு துணை மேயரா இருந்து, 2013ல மறுபடி மேயர். விதி ஒரு எழுத்து கூட மீறப்படல. இங்க மகளிர் வார்டு ஆன உடனே மனைவி பேர்ல நாமினேஷன் போட்டுட்டு வேலையெல்லாம் கணவரே பாக்கறதைப் பார்த்துப் பழகுனவங்களுக்கு இது ஒண்ணும் புதுசா இருக்காது.

வரம்பே இல்லன்னா?

சிகாகோவுல மேயருக்கும் கவுன்சிலருக்கும் வரம்பு கிடையாது. அப்பா ரிச்சர்ட் ஜே. டேலி 1955லேர்ந்து 1976ல சாகற வரைக்கும் மேயர், மகன் ரிச்சர்ட் எம். டேலி 1989லேர்ந்து 2011 வரைக்கும். எட் பர்க்னு ஒரு கவுன்சிலர் 54 வருஷம் ஒரே சீட்ல இருந்தாரு, நிதிக்குழு தலைவரா பல காலம் கோலோச்சுனாரு, பதவியை வச்சு சொந்த வக்கீல் தொழிலுக்கு ஆள் புடிச்சாருன்னு வழக்காகி 2023 டிசம்பர்ல குற்றவாளின்னு தீர்ப்பு, 2024ல ரெண்டு வருஷ ஜெயில். பாண்டியை ஆண்ட பிரான்ஸ்லயும் மேயருக்கு வரம்பு இல்ல, போர்டோ நகரத்துல ஜாக் ஷபான் டெல்மாஸ் 1947லேர்ந்து 1995 வரைக்கும் மேயர். அதுக்குப் பதிலா பிரான்ஸ் வேற வழி புடிச்சுது, ஒருத்தரே மேயராவும் எம்பியாவும் இருக்கக் கூடாதுன்னு 2014ல சட்டம் போட்டு 2017லேர்ந்து அமல்படுத்திடுச்சு.

நன்மை தீமை ரெண்டும் உண்மைதான்

வரம்பு வேணும்ங்கறவங்களோட பலமான வாதம் இது: பதவியில இருக்கறவருக்கு பேரு தெரிஞ்சிருக்கும், காண்ட்ராக்டர் தொடர்பு இருக்கும், கட்சி நிதி இருக்கும், புதுசா வர்றவனால அந்த சுவரைத் தாண்ட முடியாது. 2021ல நியூயார்க்ல வரம்பு முடிஞ்சு ஒரே நேரத்துல முப்பதுக்கும் மேல சீட்டு காலியாச்சு, அந்த நகர வரலாற்றுலயே முதல் தடவையா கவுன்சில்ல பெண்கள் பெரும்பான்மை ஆனாங்க. இது சின்ன விஷயமில்ல.

எதிர்வாதமும் பலமானதுதான். பிரேசில்ல மேயருக்குத் தொடர்ந்து ரெண்டு தடவைதான். அங்க நகராட்சி தணிக்கை அறிக்கைகளை வச்சு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பண்ண ஆய்வுல, மறுபடி நிக்க வாய்ப்பு இருக்கற மேயர்கள் ஊர்ல, கடைசி டெர்ம்ல இருக்கறவங்க ஊரை விட பணம் கையாடல் 27 சதவீதம் கம்மின்னு வந்துச்சு. அடுத்த தடவை ஓட்டு கேட்டு வரணுமேங்கற பயம்தான் ஒருத்தரை நேரா வச்சிருக்கு, அந்தப் பயத்தையே சட்டம் எடுத்துட்டா? இன்னொண்ணு, ஒரு நகரத்தோட பட்ஜெட் படிக்கவே புது ஆளுக்கு ரெண்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள டெர்ம் பாதி போயிடும், அப்ப உண்மையான அதிகாரம் மாறாம உக்காந்திருக்கற அதிகாரிங்ககிட்டயும் காண்ட்ராக்டர்கிட்டயும் போயிடும்.

இந்தியாவுல சட்டம் என்ன சொல்லுது

74வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1லேர்ந்து அமல். அதுல 243யூ பிரிவு, நகராட்சி அமைப்போட ஆயுள் முதல் கூட்டத்துலேர்ந்து அஞ்சு வருஷம், அதுக்கு மேல போகக் கூடாது, முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடந்திருக்கணும்னு சொல்லுது. ஒருத்தர் எத்தனை தடவை நிக்கலாம்னு எங்கயும் சொல்லல. ஆனா 243வி பிரிவுல, மாநில சட்டசபை போடற சட்டம் மூலமாவும் ஒருத்தரைத் தகுதியிழக்க வைக்கலாம்னு இருக்கு. மூணு குழந்தை இருந்தா நிக்க முடியாது, குறைஞ்சபட்சப் படிப்பு வேணும்னு சில மாநிலங்கள் போட்ட உள்ளாட்சி விதிகளை சுப்ரீம் கோர்ட் ஏத்துகிட்டிருக்கு. அந்தக் கணக்குல பாத்தா டெர்ம் லிமிட் கொண்டு வர அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்ல, கடலூருக்கு சென்னை சட்டசபையும் பாண்டிக்கு பாண்டி சட்டசபையும் மனசு வச்சாப் போதும்ங்கறது என் புரிதல். நியூயார்க் மாதிரி ஊர் மக்களே ஓட்டு போட்டு முடிவு பண்ற வழி மட்டும் இங்க கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இது முழுசா அந்நியமான யோசனையும் இல்ல. சென்னையில மேயர் பதவியே பல காலம் ஒரு வருஷம்தான், வருஷா வருஷம் ஆள் மாறும், சமூகம் சமூகமா சுத்தி வர்ற ஒரு எழுதப்படாத ஏற்பாடும் இருந்துச்சு. 1996லயும் 2001லயும் மு.க. ஸ்டாலின் நேரடித் தேர்தல்ல மேயர் ஆனாரு, 2002ல அவரு எம்எல்ஏவாவும் இருந்ததால ஒருத்தருக்கு ஒரு பதவிதான்னு அப்போதைய அரசு சட்டம் கொண்டு வந்துச்சு. அந்த விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போனப்ப, 1919 சென்னை மாநகராட்சி சட்டப்படி ஒருத்தர் தொடர்ந்து ரெண்டு தடவை மேயரா இருக்க முடியாதுன்னும் கோர்ட் சொல்லிடுச்சு. ஒரு வருஷ மேயர் காலத்துல எழுதின விதி, அஞ்சு வருஷ நேரடி மேயர் மேல வந்து விழுந்துச்சு.

நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற பாதி வரம்பு

இட ஒதுக்கீட்டுச் சுழற்சியைத்தான் சொல்றேன். பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி பிரிவுக்கும் ஒதுக்கற வார்டு ஒரே இடத்துல நிரந்தரமா நிக்காது, சில தேர்தலுக்கு ஒருக்க மாறும். தமிழ்நாட்டுல இப்ப பெண்களுக்கு பாதி இடம். அப்ப இன்னைக்கு பொது வார்டுல ஜெயிச்ச ஆண் கவுன்சிலருக்கு அந்த வார்டு மகளிர் வார்டா மாறுனா வரம்பு வந்த மாதிரிதான், எத்தனை நல்லா வேலை செஞ்சிருந்தாலும் அங்க நிக்க முடியாது. அதே மாதிரி மகளிர் வார்டுல ஜெயிச்ச பெண்ணுக்கு அது பொது வார்டா மாறுனா சட்டப்படி தடை இல்ல, கட்சிதான் சீட்டு தராது. இருந்தாலும் மும்பை வார்டுகளை வச்சு நடந்த ஒரு ஆய்வுல, ஒரு தடவை பெண்களுக்கு ஒதுக்கி அப்புறம் பொதுவாக்குன வார்டுல பெண் ஜெயிக்கற வாய்ப்பு, ஒதுக்கவே ஒதுக்காத வார்டை விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு தெரிஞ்சுது. கதவு ஒரு தடவை திறந்தா முழுசா மூடறதில்ல. டெர்ம் லிமிட்டால எதிர்பாக்கற புது ஆள் வரவு இங்க சுழற்சியால ஓரளவு நடந்துகிட்டுதான் இருக்கு, இதுக்கு மேல கவுன்சிலருக்கு இன்னொரு வரம்பும் போட்டா அனுபவமுள்ள ஒரு ஆளு கூட மிஞ்ச மாட்டாங்க.

கடலூர்ல யாருக்கு என்ன அதிகாரம்

நியூயார்க்ல 88 லட்சம் பேருக்கு 51 கவுன்சிலர், தலைக்கு 1.7 லட்சம் பேர் வர்றாங்க. 2011 கணக்குல மொத்தக் கடலூர் முனிசிபாலிட்டி மக்கள்தொகையே 1.73 லட்சம்தான். நம்ம மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், தேவனாம்பட்டினம் எல்லாம் சேர்த்து அங்க ஒரு கவுன்சிலர். அந்த மேயர் கையில போலீஸ் இருக்கு, ஸ்கூல் இருக்கு, 10,000 கோடி டாலருக்கு மேல பட்ஜெட் இருக்கு. அந்த அளவு அதிகாரம் ஒரு ஆள் கையில குவியுதுன்னா காலத்துக்கு ஒரு எல்லை வேணும்னு கேக்கறதுல அர்த்தம் இருக்கு.

கடலூர் 2021லதான் மாநகராட்சி ஆச்சு, 45 வார்டு, 2022 பிப்ரவரியில தேர்தல், மார்ச்ல சுந்தரி ராஜா முதல் மேயர். மேயரை மக்கள் நேரடியாத் தேர்ந்தெடுக்கல, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தாங்க. கையெழுத்து போட்டு நிர்வாகம் நடத்தறது அரசு நியமிக்கற கமிஷனர். போலீஸ் அரசுகிட்ட, பெரிய திட்டங்களுக்குப் பணமும் அரசுகிட்ட. பாதாள சாக்கடைக்குத் தோண்டுன ரோடு எப்ப சரியாகும், புது பஸ் ஸ்டாண்ட் எந்த இடத்துல வரும்னு வருஷக் கணக்கா ஊர் பேசுதே, அதுல ஒரு மேயரால தனியா எதை முடிவு பண்ண முடிஞ்சுது? இங்க நீண்ட காலம் மாறாம இருக்கறது எம்எல்ஏ, மாவட்டச் செயலாளர், டெண்டர் எடுக்கற அதே சில பேர். அவங்க யாரையும் கவுன்சிலர் டெர்ம் லிமிட் தொடாது.

அனுபவம்ங்கறது எவ்வளவு முக்கியம்னு இந்தக் கரைக்காரங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப கடலூர் கவுன்சில் பதவியேத்து ரெண்டே மாசம். 2015 வெள்ளத்தப்ப அதே கவுன்சில் நாலு வருஷம் பழகியிருந்துச்சு, எந்தத் தெருவுல முதல்ல தண்ணி ஏறும்னு அவங்களுக்குத் தெரியும். 2020 கொரோனாவுல கவுன்சிலே இல்ல, ஏன்னா 2016 அக்டோபர் தேர்தலை ஹைகோர்ட் ரத்து பண்ணி, அப்புறம் வார்டு மறுவரையறைன்னு இழுத்து, நகர்ப்புறத் தேர்தல் 2022லதான் நடந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. யாரோட கதவைத் தட்டறதுன்னே தெரியாம ஜனங்க நின்ன காலம் அது.

பாண்டியில வரம்பு போட ஆளே இல்ல

புதுச்சேரியில 1968க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, அந்தப் பதவிக்காலம் 2011ல முடிஞ்சுது, அதோட சரி. 2021ல தேதி அறிவிச்சாங்க, இட ஒதுக்கீட்டுப் பிரச்சனை கோர்ட்டுக்குப் போயி நின்னு போச்சு. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம்னு அஞ்சு நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எதுலயும் தேர்ந்தெடுத்த ஒருத்தர் கூட இல்ல. 2006க்கு அப்புறம் ஓட்டு வயசு வந்த யாரும் வாழ்க்கையில ஒரு தடவை கூட தன் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டு போட்டதில்ல. 2014 மழையில இடிஞ்சு விழுந்த மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக்காரங்க கால நகராட்சிக் கட்டடத்தைக் கூட பழையபடி கட்டி 2021ல திறந்துட்டாங்க, அதுக்குள்ள உக்கார வேண்டிய கவுன்சிலை மட்டும் கொண்டு வரல. இதை நினைச்சா கோவம்தான் வருது.

ஏன் யாருக்கும் அவசரம் இல்லன்னு யோசிச்சா, என் கணிப்பு இது. 2011 கணக்குல யூனியன் பிரதேசம் முழுக்க 12.5 லட்சம் பேர், 30 எம்எல்ஏ, அப்ப ஒரு எம்எல்ஏவுக்கு சுமார் 42,000 பேர். நியூயார்க் கவுன்சிலரோட பகுதியில நாலுல ஒரு பங்கு. வாய்க்கால், தெருவிளக்கு, ரோடு எல்லாத்துக்கும் ஜனங்க எம்எல்ஏ வீட்டுக்குத்தான் போறாங்க, அந்தச் செல்வாக்கை ஒரு கவுன்சிலரோட பங்கு போட எந்தக் கட்சி எம்எல்ஏவுக்கும் விருப்பம் இருக்காது. எம்எல்ஏவுக்கு டெர்ம் லிமிட் வேணும்னா அது பாராளுமன்றம் தொட வேண்டிய விஷயம், உள்ளாட்சி சட்டத்துல முடியாது.

உண்மையிலேயே சட்டம் கொண்டு வரணும்னா

1. வரம்பு மேயர், சேர்மனுக்கு மட்டும் இருக்கட்டும், கவுன்சிலருக்கு வேணாம். அதுவும் நேரடித் தேர்தலும் நிதி அதிகாரமும் குடுத்த பிறகுதான். அதிகாரம் இல்லாத நாற்காலிக்கு வரம்பு போட்டா கமிஷனர் இன்னும் பலமாவாரு, வேற ஒண்ணும் ஆகாது.

2. ஆயுள் வரம்பு வேணாம், தொடர்ச்சி வரம்பு போதும். நல்லா செஞ்சவரை ஜனங்க திரும்பக் கூப்பிட ஒரு வழி இருக்கணும்.

3. கணவன், மனைவி, பிள்ளை மாறி மாறி வர்றதைச் சட்டத்தால தடுக்கறது கஷ்டம், ஒரு பொண்ணு தன் சொந்த பலத்துல நிக்கறதையும் சேர்த்து அது வெட்டிடும். அதுக்கு பதிலா கவுன்சில் கூட்டத்துல, ஆய்வுல, ஆபீஸ்ல உறுப்பினர் பேர்ல வேற ஆளு உக்காந்தா நடவடிக்கைன்னு கறாரா வைக்கலாம்.

4. பிரான்ஸ் மாதிரி ஒருத்தருக்கு ஒரு பதவி. எம்எல்ஏவா ஆனா மேயர் பதவி போகணும், இது உடனே செய்யக்கூடியது.

5. எல்லாத்துக்கும் முன்னாடி தேதி. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தலை முடிச்சே ஆகணும்னு 2006ல அகமதாபாத் மாநகராட்சி வழக்குலயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. கடலூர் கவுன்சிலோட அஞ்சு வருஷம் 2027 மார்ச்ல முடியுது, அதுக்கு முன்னாடி வாக்காளர் பட்டியலும் வார்டு ஒதுக்கீட்டு அறிவிப்பும் வரணும், வரலன்னா கலெக்டர் ஆபீஸ்லயும் மாநிலத் தேர்தல் ஆணையத்துலயும் எழுத்து மூலமா கேக்க யாருக்கும் உரிமை இருக்கு. பாண்டிக்காரங்க கேக்க வேண்டியது இன்னும் எளிமையானது, 2021ல நின்னு போன அந்த வார்டு ஒதுக்கீட்டு வேலை இப்ப எந்த மேசையில இருக்கு, எப்ப முடியும்னு.